எஞ்சின் சூடேறினால் என் செய்வது?
(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)

 

பயிர் வாடினால் இலையைத் திருப்பிப் பார்க்கிறோம். மாடு தீனி எடுக்கவில்லையெனில் அதன் காதைத் தொட்டுப் பார்க்கிறோம். நோய் இன்னதென்று ஒருவாறு தெரிந்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுகிறோம். ஆனால், வாசலில் நிற்கும் காரோ சரக்கு வண்டியோ டிராக்டரோ சூடேறி நின்றுவிட்டால் மட்டும் நம்மிற் பலர் செய்வதறியாது திகைக்கிறார்கள்; சிலர் அவசரப்பட்டு மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்கிறார்கள். இயந்திரத்தின் காய்ச்சலுக்கும் காரணம் உண்டு. அதனைக் கண்டறிய முறையும் உண்டு. அம்முறையின் பெரும்பகுதிக்குக் கண்ணும் கையும் மூக்கும் போதும். அதனையே இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன்.

எஞ்சின் ஏன் சூடேறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். டீசலோ பெட்ரோலோ எரிவதனால் உண்டாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நமக்கு வேலையாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ அதே அளவு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு வெளியே கொண்டுபோய் விடுகிறது. அந்த நீரோட்டம் தடைப்பட்டால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றின் தலைப்பாகம் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் உலோகம். ஆதலின் சூடு மிகுந்தால் அது கோணிப்போகிறது. அதன் கீழ் உள்ள ஹெட் காஸ்கெட் என்னும் தகடு பழுதடைகிறது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பழுது பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக மாறுவது இவ்விடத்தில்தான்.

இந்நீரோட்டத்தை நம் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நீர் இறைக்கும் வாட்டர் பம்பு ஒன்று உண்டு. மதகு போன்று திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஒன்று உண்டு. அதனுள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து கதவைத் திறக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களில் இது 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்குள் திறக்கத் தொடங்கும். வாய்க்கால் போன்று மேலும் கீழும் இரண்டு ரப்பர் குழாய்கள் உண்டு. நீர் பரவி ஆறும் வயல்தான் ரேடியேட்டர். அதன் வழியே காற்றை இழுப்பது விசிறி.

ஆதியில் இவ்வளவு வசதி இல்லை. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் உரிமைப்பத்திரம் பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதனாலேயே எஞ்சின் குளிர்ந்தது. 1888-ஆம் ஆண்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அவ்வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுக நீர் நிரப்பிக்கொண்டே போக வேண்டியிருந்தது. வழியில் ஏற்பட்ட பழுதுகள் சிலவற்றையும் அந்த அம்மையார் தம் கையிலிருந்த பொருள்களைக் கொண்டே சரிசெய்தார். பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். இன்று நம் வண்டிகளில் இருப்பது அதன் வழி வந்ததே.

இனி, எல்லாவற்றிற்கும் முதலான எச்சரிக்கையைக் கூறுகிறேன். சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரின் மூடியோ உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அவ்வழுத்தத்தினால் நீர் 120 டிகிரியை நெருங்கியும் கொதிக்காமல் இருக்கக்கூடும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்குகிறது. கொதிநீரும் ஆவியும் ஒரே வேளையில் பொங்கி முகத்தில் அடிக்கின்றன. துணியைப் போட்டுத் திறந்தாலும் இவ்வாபத்து நீங்காது. குறைந்தது ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். மேல் குழாயை அழுத்திப் பார்த்து, அது சூடின்றித் தளர்ந்திருந்தால் மட்டுமே மூடியைத் தொடுங்கள். கார்களில் உள்ள மின்விசிறி, எஞ்சினை நிறுத்திய பின்னும் தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வேட்டி, துண்டு, புடவைத் தலைப்பு எதுவும் அதனருகே தொங்கலாகாது.

நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், “எப்போது காய்ச்சல் வருகிறது?” என்று கேட்பார். நாமும் அவ்வாறே கேட்க வேண்டும்.

கார் நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் சூடேறி, வேகமாக ஓடும்போது சூடு தணிகிறதா? அவ்வாறாயின் விசிறியின்மீது சந்தேகம் கொள்ளலாம். ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே விசிறியாகிவிடுகிறது; நிற்கும் வண்டிக்கு அவ்வுதவி இல்லை. வேகமாக ஓடும்போதோ, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதோ சூடேறுகிறதா? அப்போது நீர்க்குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் சரிவரத் திறவாமை, பம்பின் பலவீனம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறிவிடுகிறதா? தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். டிராக்டர் எப்போதும் மெல்லவே செல்வதால் எதிர்காற்றின் உதவி அதற்குக் கிடைப்பதில்லை. ஆகவே டிராக்டரில் விசிறியையும் ரேடியேட்டரின் தூய்மையையுமே முதலில் பார்க்க வேண்டும்.

இனிச் சோதனைகளை வரிசையாகக் கூறுகிறேன். செலவில்லாதவற்றை முதலிலும், கழற்ற வேண்டியவற்றைப் பின்னரும் செய்வதே முறை.

முதலாவது, நீரின் அளவு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, துணைத் தொட்டியில் உள்ள மேல் கோட்டிற்கும் கீழ் கோட்டிற்கும் இடையே நீர் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புவதோடு நின்றுவிடாதீர்கள். போன நீர் எங்கே போயிற்று என்பதே நாம் விடை காண வேண்டிய கேள்வி.

இரண்டாவது, கசிவு. இரவில் எஞ்சினுக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஈரமோ நிறமோ படிந்திருந்தால், அதற்கு நேர் மேலே பாருங்கள். குழாய்களின் இணைப்பிலும், ரேடியேட்டரின் ஓரங்களிலும், பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அவ்விடத்தில் கசிவு நேர்ந்திருக்கிறது. அச்சிறு துளை வழியே நீர் சொட்டினால் பம்பின் உட்புறத் தடுப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். கார் ஓட்டுமிடத்தில் காலடி விரிப்பு ஈரமாகி, இனிய மணம் வீசினால், உள்ளே இருக்கும் ஹீட்டர் பகுதியில் கசிவு இருக்கலாம்.

மூன்றாவது, குழாய்களும் பெல்ட்டும். குளிர்ந்த நிலையில் குழாய்களை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், மிகுந்த மென்மை ஆகியவை இருந்தால் மாற்றிவிடுங்கள். டிராக்டரின் ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவே தாழ வேண்டும். சரியான அளவை அவ்வண்டியின் கையேட்டில் காணலாம். பெல்ட் தளர்ந்தால் விசிறியும் பம்பும் ஒருங்கே சோர்ந்துபோகும்.

நான்காவது, ரேடியேட்டரின் முகம். நம் ஊர்களில் மிகுதியாகக் காணும் நோய் இதுவே. கதிரடிக்கும் களத்திலும் ரோட்டவேட்டர் ஓடும் வயலிலும் பதரும் சுணையும் வைக்கோல் தூசும் மெல்லிய தகடுகளுக்கிடையே புகுந்து காற்றை அடைத்துவிடுகின்றன. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மென்மையாகக் காற்றோ நீரோ செலுத்திச் சுத்தம் செய்யுங்கள். வெளியிலிருந்து அடித்தால் குப்பை மேலும் உள்ளே போகும். அழுத்தம் மிகுந்த நீர்ப்பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும். அறுவடைக் காலத்தில் இதனைத் தினந்தோறும் செய்தல் நலம்.

ஐந்தாவது, காரின் மின்விசிறி. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி சுழலும். சுழலவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஏ.சி. போட்டால் சுழன்று, சூடேறும்போது மட்டும் சுழலாவிட்டால், விசிறி நன்றாயிருக்கிறது; வெப்பத்தை உணரும் சென்சாரிலோ அதன் கம்பியிலோ பழுது இருக்கக்கூடும்.

ஆறாவது, தெர்மோஸ்டாட். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, விசிறிக்கு எட்டாத இடத்தில் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் அக்குழாய் சிறிது நேரம் வரை ஆறியிருந்து, மதகு திறந்தவுடன் விரைந்து சூடாகும். முள் மேலே ஏறிய பின்னும் குழாய் சில்லென்றே இருந்தால், கதவு திறக்கவில்லை எனலாம். அதனைக் கழற்றி நீரிலிட்டுச் சூடாக்கினால், குறித்த வெப்பத்தில் அது திறக்கிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம். அதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தைப் பின்னர்ச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். தெர்மோஸ்டாட்டையே எடுத்தெறிந்துவிட்டு ஓட்டும் பழக்கமும் தவறானதே. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருள் வீணாகும், தேய்மானம் மிகும்.

ஏழாவது, காஸ்கெட். வெளியே கசிவே இல்லாமல் நீர் குறைகிறதா? சூடான பின்னும் வெண்புகை இனிய மணத்தோடு வருகிறதா? ஆயில் மூடியின் அடியிலும் ஆயில் பார்க்கும் கம்பியிலும் மோர் போன்ற கலவை தெரிகிறதா? குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே குழாய் கல்லைப் போல் விறைக்கிறதா? இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து தோன்றினால், அதற்கு மேல் வண்டியை ஓட்டலாகாது. நல்ல மெக்கானிக்கை வீட்டிற்கு அழைப்பதோ, வண்டியை இழுத்துச் செல்வதோதான் சிக்கனம். ஆயில் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை தெரிந்தால் அஞ்ச வேண்டாம். மழைக்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தினால் அவ்வாறு படிவதுண்டு.

வெப்பம் காட்டும் முள்ளையும் முழுவதும் நம்புவதற்கில்லை. நீர் அனைத்தும் வடிந்துவிட்டால் சென்சார் நீரில் மூழ்காமல் வெறுங்காற்றில் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் தாழ்வாகவே காட்டக்கூடும். ஏறிய முள் காரணமின்றித் திடீரென இறங்கினாலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

வழியில் முள் ஏறத் தொடங்கினால், ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறும். முள் சிவப்பை எட்டினாலோ ஆவி வந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிய வண்டிகளே பட்டறைகளை நிரப்புகின்றன. கொதிக்கும் எஞ்சின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும், ஆறும்வரை பொறுத்திருங்கள்.

நிரப்பும் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரைக் காய்ச்சும் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாக உப்புப் படிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதே படிவு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் அடைக்கிறது. ஆகவே காய்ச்சி வடித்த நீருடன், கையேட்டில் கூறிய கூலண்டைக் கூறிய அளவில் கலந்து ஊற்றுங்கள். நீர் உறைவதைத் தடுக்கும் அதன் குணம் உதகை போன்ற உறைபனி விழும் இடங்களுக்கே தேவை; துருவைத் தடுக்கும் குணமோ நம் எல்லோருக்கும் தேவை. ஆபத்திற்கு வெறுநீர் ஊற்றலாம். பின்னர் அதனை மாற்றிவிட வேண்டும்.

கூலண்டுகள் பலவற்றில் எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு உண்டு. அது இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் கால்நடைகளும் விரும்பிக் குடித்துவிடக்கூடும். சிறிதளவும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்க வல்லது. தரையில் சிந்தியதை உடனே மண்ணிட்டு அகற்றிக் கழுவுங்கள். பழைய கூலண்டைக் குளத்திலோ கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஊராட்சிக்குச் சொந்தமான வண்டி ஒவ்வொன்றிற்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். காலையில் நீரின் அளவு, ஊற்றிய நீர், ஓடிய தூரம் ஆகிய மூன்றையும் ஓட்டுநர் எழுதட்டும். வாரத்திற்கு அரை லிட்டர் குறைகிறது என்பதை அவ்வேடு காட்டினால், பழுது முற்றும் முன்னரே சரிசெய்யலாம், பொதுப்பணமும் மிஞ்சும். மற்றொன்று, அறுவடைக்கு முன் ஊரிலுள்ள டிராக்டர் ஓட்டுநர்களை ஒரு நாள் கூட்டி, ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும் முறையைச் செய்து காட்ட ஏற்பாடு செய்யுங்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டில் நம் அருகிலுள்ள புதுச்சேரியில்தான் தொடங்கப்பெற்றது. இன்று உங்கள் மாவட்டத்திற்கென உள்ள நிலையத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

அன்பர்களே, அறுவடை நாளில் நிற்கும் டிராக்டருக்காக மழை காத்திராது. நோயாளியை ஏற்றிச் செல்லும் கார் நடுவழியில் கொதித்து நிற்கலாகாது. நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் மூடியைத் தூக்கி நீரின் அளவை ஒருமுறை பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.