சென் கில்டாக் கிராமமும் அதன் குடிகளும்

ஸ்கொத்லாந்தின் மேற்கே, ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால் ஏறக்குறைய 40 மைல் தூரத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே சென் கில்டா என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. அதன் பெரிய தீவாகிய ஹேர்ட்டாவில் ஒரேயொரு கிராமம் இருந்தது. குடாவை நோக்கி வளைந்த ஒரு தெரு, தெருவோரத்தில் கல்வீடுகள். மரமென்று சொல்ல அங்கு ஒன்றுமில்லை.

1697ஆம் ஆண்டில் மார்ட்டின் மார்ட்டின் என்பார் அங்கு சென்றபோது 180 பேர் வாழ்ந்தனர். சிறிது தானியமும் ஆடுமாடும் அவர்களுக்கு இருந்தனவாயினும், உண்மையில் கடற்பறவைகளே அக்கிராமத்தைக் காத்தன. ஆயிரம் அடிக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறைகளில் ஆடவர் கயிற்றிலே தொங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்தனர். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்குக்கு உதவிற்று, இறகு நிலச்சொந்தக்காரருக்குக் குத்தகையாய்ப் போயிற்று. ஞாயிறு தவிர்ந்த நாட்களிற் காலைதோறும் ஆடவர் தெருவிற் கூடி, அன்றைய வேலையைப் பேசித் தீர்மானித்தனர். அதனைப் ‘பார்லிமெந்து’ என வெளியார் அழைத்தனர். தலைவரில்லாத பார்லிமெந்து அது!

இத்தகைய வாழ்வுக்கு ஆட்பலம் இன்றியமையாதது. கயிற்றைப் பிடிப்பதற்கும் தோணி வலிப்பதற்கும் ஆள் வேண்டும். 1727இல் இது தெளிவாயிற்று. அயற்றீவில் வைசூரியால் மாண்ட ஒருவனின் உடைகள் ஊருக்கு வந்தன என்றும், அவற்றோடு நோயும் வந்தது என்றும் கூறுவர். அவ்வேளையில் மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் பறவை பிடிக்கவென ஒரு பாறைத்தீவில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களைத் திருப்பியழைக்கத் தோணி செலுத்துவார் ஊரில் இல்லை. ஏறக்குறைய ஒன்பது மாதம் அப்பாறையிலே உயிர்தாங்கி, 1728 மே மாதத்திலேதான் அவர்கள் மீட்கப்பட்டனர். பின்னர் வேற்றுத் தீவுகளிலிருந்து குடிகள் வருவிக்கப்பட்டு ஊர் மீண்டும் நிரம்பிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு துன்பம் சூழ்ந்தது. பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலானவை ஏற்புவலியினால் எட்டொன்பது நாளில் இறந்தன. இறைவன் சித்தமென்று பலர் அமைதி கொண்டனர். 1890களில், அங்கு பணியாற்றிய மதகுருவாகிய ஏங்கஸ் ஃபிடஸ், கிருமிநீக்கப் பிரசவமுறையைக் கற்றுவந்து புகுத்திய பின்னரே அந்நோய் ஒழிந்தது. இதற்கிடையில், 1852இல் 36 பேர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். ஏறக்குறையப் பாதிப்பேர் கரை சேர்ந்து வாழக் கொடுத்துவைக்கவில்லை.

முதலாம் உலகயுத்தம் கடற்படையினரை அத்தீவுக்குக் கொண்டுவந்தது. அவர்களோடு கூலிப்பணமும், வெளியுலகச் செய்திகளும் ஒழுங்காக வந்தன. யுத்தம் முடிந்து அவர்கள் நீங்கியதும் இளைஞர் ஒருவர்பின் ஒருவராய் அவர்கள் வழியே சென்றனர். 1921இல் 73 ஆயிருந்த தொகை 1930இல் 36 ஆயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில், தம்மை வேறிடத்திற் குடியேற்றுமாறு எஞ்சியோரே அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தனர். எவரும் அவர்களைத் துரத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1930 ஓகஸ்ட் 29ஆம் நாள், ‘ஹேர்பெல்’ என்ற கப்பல் அவர்களை ஏற்றிச்சென்றது. வீடுதோறும் விரித்த வேதாகமமும் ஒரு பிடி தானியமும் விட்டுச் சென்றனர் என்பர். மரமே காணாது வளர்ந்த அவ்வாடவர் பலருக்குக் கரையிற் கிடைத்த உத்தியோகமோ, காட்டிலாகாவில் மரம் நடுதல்!

1932இல், அயலிலுள்ள சோவேத் தீவிலிருந்து 107 செம்மறியாடுகளைக் கொணர்ந்து ஹேர்ட்டாவில் விட்டனர். 1985 முதல் விஞ்ஞானிகள் அவற்றின் பிறப்பிறப்பைத் தவறாது கணக்கெடுத்து வருகின்றனர்.