தவளை விஷமும் மனிதன் புத்தியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு தவளையைப் பற்றியதாகும். தவளையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்தத் தவளையின் மேல் ஊறும் விஷத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்ளுவதற்காக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், காலேஜ் படிப்புப் படித்த ஆண்களும் பெண்களும் பணம் கொடுத்துத் தோலைச் சுட்டுக்கொண்டு, வாளியை முன்னால் வைத்துக்கொண்டு வாந்தியெடுக்கிறார்கள் என்றால், இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமல்ல. படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட வேறு என்ன ருஜு வேண்டும்?

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். தென் அமெரிக்காவில் அமேசான் காட்டில், பிரேசிலும் பெருவும் சந்திக்கும் பிரதேசங்களில், மரத்திலேயே வாழும் ஒரு பெரிய பச்சைத் தவளை உண்டு. சாஸ்திரக்காரர்கள் அதற்கு பில்லோமெடூசா பைகலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்குள்ள மாத்செஸ், கட்டுக்கீனா, காஷினாவா முதலிய காட்டுக்குடிகள் இரவில் அதன் சத்தத்தைக் கேட்டுப் பிடித்து, நான்கு கால்களையும் நான்கு குச்சிகளில் இழுத்துக் கட்டி, அதன் தோலில் கசியும் பாலை ஒரு குச்சியால் வழித்துக் காயவைத்துக்கொண்டு, தவளையை விட்டுவிடுவார்கள். பிறகு எரியும் கொடியின் நுனியால் மனிதனுடைய புஜத்திலோ மார்பிலோ சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டு, மேல்தோலை நீக்கி, அந்தப் புண்ணில் இந்தப் பாலை எச்சிலிலோ தண்ணீரிலோ குழைத்துத் தடவுவார்கள். இதற்குத்தான் கம்போ என்று பெயர். தடவிய சில நிமிஷத்திற்குள் முகம் சிவக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். முகமும் உதடும் வீங்கும். வாந்தியும் சில சமயம் பேதியும் ஆகும். பெரும்பாலும் அரைமணி, ஒருமணிக்குள் அடங்கிவிடும்.

இதை அந்தக் காட்டு மக்கள் எதற்காகச் செய்தார்கள் என்று பாருங்கள். முக்கியமாய் வேட்டைக்காகச் செய்தார்கள். ஒருவனுக்கு நாள்கணக்கில் வேட்டை கிடைக்கவில்லையானால், அவனைப் பிடித்திருக்கும் பீடைக்கும் சோம்பலுக்கும் அமேசான் பிரதேசத்தில் பானேமா என்று பெயர். அந்தப் பானேமாவை ஓட்டுவதற்கும், பசியும் களைப்பும் தெரியாமல் காட்டில் அலைவதற்கும் இதைப் போட்டுக்கொண்டார்கள். வேட்டை தப்பினால் பெண்டுபிள்ளைகள் பட்டினி என்கிற நிலையில் இருந்தவர்கள், பள்ளிக்கூடமும் ஆராய்ச்சிசாலையும் இல்லாமல், தங்கள் கண்ணில் பட்டதை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது. அவர்களைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை இல்லை, அவசியமும் இல்லை. நாம் கேட்பதெல்லாம், இதைப் பட்டணத்திற்குக் கொண்டுவந்து புற்றுநோய்க்கும் மனவியாதிக்கும் மூட்டுவலிக்கும் போதைப் பழக்கத்திற்கும் இதுவே மருந்து என்று விற்கிறார்களே, அவர்களைத்தான்.

நிற்க. இந்தப் பாலில் வேகம் இருக்கிறதா இல்லையா என்றால், இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொள்ளுகிறோம். இத்தாலி தேசத்து விட்டோரியோ எர்ஸ்பாமர் என்ற பெரிய விஞ்ஞானி தவளைத் தோல்களை ஆராய்வதிலேயே பல வருஷங்களைச் செலவிட்டவர். மாத்செஸ் மக்கள் உபயோகிக்கும் இந்தப் பாலைப் பற்றி அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1993ஆம் வருஷத்தில் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அதில் பல வஸ்துக்கள் இருக்கின்றன. பில்லோகெருலின் என்பது குடலையும் பித்தப்பையையும் சுருக்கிப் பிழியும். பில்லோகைனின், பில்லோமெடூசின் என்பவை இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். இந்த ஜாதித் தவளைகளில் கண்டுபிடிக்கப்பட்ட டெர்மார்பின் என்பது வலியை அடக்குவதில் அபினிச் சத்தாகிய மார்பினைவிடப் பல மடங்கு வலியது. ஆகவே வாந்தியும் படபடப்பும், பிறகு வரும் ஒருவித லேசான சுகமும் தெய்வச் செயலுமல்ல, வன தேவதையின் அருளுமல்ல, விஷத்தின் வேலை. பாம்போ பறவையோ தன்னைத் தின்னாமல் இருப்பதற்காகத் தவளை சுரப்பது அது. அதன் தற்காப்பைத்தான் நாம் சஞ்சீவி என்கிறோம்.

ஆனால் வேகம் உள்ளதெல்லாம் மருந்தாகிவிடுமா? தேள் கொட்டினாலும் வேகமாகத்தான் இருக்கிறது. வாந்தியில் மஞ்சளாய்க் கசப்பாய் வருகிறதே, அதுதான் உடம்பில் சேர்ந்திருந்த விஷம் வெளியேறுகிறது என்று வாளியைக் காட்டுகிறார்கள். தோழர்களே! வெறும் வயிற்றில் யார் வாந்தியெடுத்தாலும் மஞ்சளாய்த்தான் வரும். அது பித்தநீர், உண்ட கொழுப்பைச் செரிப்பதற்காக உடம்பு தானே உண்டாக்கி வைத்திருப்பது. பித்தப்பையைப் பிழியும் வஸ்துவை உள்ளே ஏற்றிவிட்டு, பித்தம் வந்ததும் பார்த்தாயா என்று காட்டுவது, ஒருவன் மடியில் தானே ஒரு காசைப் போட்டுவிட்டு, பிறகு மந்திரத்தால் எடுத்தேன் என்று சொல்லுவதற்குச் சமமல்லவா?

இன்னொரு வேடிக்கை. பிரேசில் நாட்டில் இதற்குத் தவளைத் தடுப்பூசி என்றே பெயர் கொடுத்துவிட்டார்கள். 1796ஆம் வருஷத்தில் ஜென்னர் அம்மைப்பால் வைத்தது முதல், தடுப்பூசி என்றால் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு எதிராக உடம்பைத் தயார் செய்வது என்று பொருள். இது எந்த நோயைத் தடுக்கிறது? ஒன்றும் சொல்ல முடியாது. டாக்டர்களை வைதுகொண்டே டாக்டர்களுடைய சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளுகிறார்கள். தவளைப் பாலில் உள்ள சில வஸ்துக்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் கிருமிகளைக் கொல்லுகின்றன என்பதையும் பெரிதாய்ச் சொல்லுகிறார்கள். கொதிக்கிற வெந்நீரும் கிருமிகளைக் கொல்லும். அதற்காக அதை நரம்பில் ஏற்றிக்கொள்ளலாமா?

இயற்கையானது, வெகுகாலமாய் நடந்துவருவது என்கிறார்கள். இயற்கையானதெல்லாம் நல்லதென்றால் காலராக் கிருமியும் இயற்கைதான். வெகுகாலம் நடந்ததெல்லாம் சரியென்றால், ஐரோப்பாவில் இரத்தம் எடுக்கும் வைத்தியம் ஆயிரக்கணக்கான வருஷம் நடந்தது. கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்றுதான் அங்கேயும் கிண்ணத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1799ஆம் வருஷத்தில் தொண்டை நோயாய்ப் படுத்தபோது, ஒரே நாளில் அவருக்குப் பலமுறை இரத்தம் எடுத்தார்கள், அன்றிரவே இறந்துபோனார். பாரிஸில் பியர் லூயி என்ற டாக்டர் ஒரு சாதாரண காரியம் செய்தார். யாருக்கு எப்போது இரத்தம் எடுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்து 1835ஆம் வருஷத்தில் வெளியிட்டார். பெரிய பெரிய வைத்தியர்கள் சொல்லிவந்த பலன் அந்தக் கணக்கில் காணவில்லை. எண்ணிப் பார்ப்பது என்கிற அந்த ஒரு காரியம் அத்தனை காலப் பழக்கத்தை ஆட்டிவிட்டது.

அப்படியானால் காட்டிலிருந்து வருவதெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அதே தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820ஆம் வருஷத்தில் கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவிலிருந்து கணக்கற்ற உயிர்கள் பிழைத்தன. பிரேசில் நாட்டு ஜராராக்கா என்ற பாம்பின் விஷத்தை அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா ஆராய்ந்தார். அந்த வழியில் போய்த்தான் இரத்தக் கொதிப்புக்குக் காப்டோப்ரில் என்ற மாத்திரை வந்து, 1981ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்காக எவரும் பாம்பைக் கூப்பிட்டுக் கடிக்கச் சொல்லவில்லை. வேண்டிய குணத்தைப் பிரித்து, அளவு கண்டு, பரிட்சை செய்து, பிறகு கொடுத்தார்கள். தவளைப் பாலுக்கோ, ஒரு நோயையாவது குணப்படுத்துகிறது என்று முறையான பரிட்சையில் இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. அதிலுள்ள டெர்மார்பினுக்கு முந்திக்கொண்டவர்கள் யார் தெரியுமா? 2012ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுக்கு அதைத் திருட்டுத்தனமாய்ப் போட்டு ஓட்டி அகப்பட்டுக்கொண்டவர்கள்தான்!

சரி, நம்புகிறவன் நம்பட்டுமே, நஷ்டம் என்ன என்பார்கள். நஷ்டம் உயிர்தான். சடங்குக்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்லுகிறார்கள். அதனால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கி, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 2019ஆம் வருஷத்திலும் 2021ஆம் வருஷத்திலும் இச்சடங்கில் கலந்துகொண்டவர்கள் இறந்து, சர்க்கார் விசாரணை நடந்தது. ஒருவருக்கு உணவுக்குழாயே கிழிந்துபோயிருந்தது. அவர் துடித்தபோது, இது சடங்கின் பகுதி, விஷம் வெளியேறுகிறது என்று எண்ணிச் சுற்றியிருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தாமதித்தார்கள். கவனியுங்கள்! அபாயத்தின் அறிகுறியையே குணத்தின் அறிகுறி என்று கற்பித்துவிட்டால், மனிதன் சாகும்போதுகூடப் பக்கத்திலிருப்பவன் வேடிக்கை பார்ப்பான். விஷத்தைவிடக் கொடியது இந்தப் போதனைதான். பிரேசில் சர்க்கார் 2004ஆம் வருஷத்தில் கம்போ விளம்பரத்தைத் தடை செய்தது. ஆஸ்திரேலிய சர்க்கார் 2021ஆம் வருஷத்தில் இதை விற்கவும் உபயோகிக்கவும் கூடாத விஷங்களின் வகுப்பில் சேர்த்தது.

கடைசியாக, இதனால் அந்தக் காட்டு மக்களுக்கு வந்த லாபம் என்ன? தங்கள் பெயரைச் சொல்லிப் பட்டணங்களில் வியாபாரம் நடப்பதைக் கண்ட கட்டுக்கீனா மக்கள், 2003ஆம் வருஷத்தில் பிரேசில் சுற்றுச்சூழல் மந்திரிக்கு முறையிட்டுக்கொண்டார்கள். மாத்செஸ் மக்களும் வேறு பல குடிகளும் வாழும் ஜாவாரிப் பள்ளத்தாக்கில், மலேரியாவும் ஈரலைத் தின்னும் ஹெபடைடிஸும் புகுந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோயின. அங்கே தவளைக்குப் பஞ்சமில்லை. அந்த மக்கள் சர்க்காரிடம் கேட்டது தவளையை அல்ல. டாக்டரையும் மருந்தையும் தடுப்பூசியையும் கேட்டார்கள். காட்டிலிருப்பவன் டாக்டரைக் கேட்டுக் கதறுகிறான். டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன் தவளையைத் தேடி ஓடுகிறான். பழங்குடிகளின் ஞானம் என்று புகழுகிறவர்கள், அந்த ஞானத்துக்குரியவன் காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு கொயினா மாத்திரையாவது கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்று கேட்கிறோம்.

ஆகவே தோழர்களே! தவளையானாலும் பாம்பானாலும், வெள்ளைக்காரன் கிண்ணமானாலும் காட்டு மனிதன் குச்சியானாலும், கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றேதான். எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? கொடுக்காமலே எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? எத்தனை பேருக்குக் கெடுதி நேர்ந்தது? இதற்குப் பதில் சொல்லுகிறவன் எந்தத் தேசத்தானானாலும் அவன் வைத்தியன். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளுகிறவன், நம்பிக்கை வேண்டும் என்கிறவன், எந்த வேஷம் போட்டாலும் அவன் வியாபாரி. இதையும் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் நன்றாய் யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.