அழுத்தம் குறைந்தால் ஈரம் கூடும்



பழைய எரிவாயு வயல்களின் வாயு உலர்த்தும் கருவிகளையும் கம்ப்ரசர்களையும் புதுப்பிப்பது பற்றிப் பேச ஓட்டப்பிடாரத்தில் கூடியிருக்கிறோம். வ.உ.சி. பிறந்த ஊர் என்ற பெருமை இருக்கட்டும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிற கரிசல் பூமி இது. மழை பெய்ததும் மேலுரத்துக்கு யூரியா கிடைக்குமா என்பதுதான் இங்குள்ள விவசாயியின் கவலை.

அந்த யூரியாவுக்கும் வாயுவுக்கும் தொடர்பு உண்டு. 2021 பிப்ரவரி 17 அன்று இராமநாதபுரம் – தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அதுவரை நாப்தாவில் ஓடிய ஸ்பிக் உர ஆலை ஓ.என்.ஜி.சி.யின் வாயுவுக்கு மாறியது. குழாய் புதிது. ஆனால் அந்த வாயு வரும் இராமநாதபுர வயல்கள் வழுதூர் மின்நிலையத்துக்கு இரண்டு பத்தாண்டுகளாக வாயு கொடுத்து வருபவை.

எந்த வயலுக்கும் வயதானால் கிணற்றின் அழுத்தம் இறங்கும். கம்ப்ரசர் வேண்டும் என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். உலர்த்தும் பிரிவைத்தான் மறந்துவிடுகிறோம். வெப்பநிலை மாறாமல் அழுத்தம் 70 பாரிலிருந்து 35 பாருக்கு இறங்கினால், ஒவ்வொரு கன மீட்டர் வாயுவும் சுமந்துவரும் நீராவி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அழுத்தம் குறைந்த வாயு உலர்த்தும் கோபுரத்துக்குள் வேகமாக ஏறி, அங்கே ஈரத்தை உறிஞ்சும் திரவமான கிளைக்காலையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஈரம் தங்கிய வாயுவைக் குழாயில் விட்டால் நீரும் வாயுவும் சேர்ந்து ஹைட்ரேட் என்ற திடப்பொருளாகக் கட்டும். குழாயை அடைப்பது வெறும் பனிக்கட்டியல்ல, இந்த ஹைட்ரேட்தான் என்று ஹேமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1934இலேயே காட்டிவிட்டார். தண்ணீர் உறையாத வெப்பநிலையிலும் அது உருவாகும்.

அதனால்தான் முதலில் அழுத்தி, குளிர்வித்து, பிரிந்த நீரை வடித்த பிறகே உலர்த்த வேண்டும் என்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிஸ்டன் கம்ப்ரசரின் மசகு எண்ணெய் நுண்துளியாக வாயுவோடு போய்க் கிளைக்காலில் கலந்தால் கோபுரத்தில் நுரை பொங்கும். மாதிரிக் குப்பியைத் தூக்கிப் பாருங்கள்: தெளிவாக இருக்க வேண்டிய கிளைக்கால் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். நல்ல வடிகட்டி ஒன்றை நடுவில் வைக்கத் தவறிய திட்டத்தைப் புதுப்பிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, கத்திரி வெயில். நம் குளிர்விப்பான்கள் காற்றை நம்பியவை. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது வாயு 50 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். வாயு 38 டிகிரியில் வரும் என்று கணக்கிட்டு வாங்கிய உலர்த்தும் கருவி அன்று இரட்டிப்புக்குச் சற்றே குறைவான நீரைச் சுமக்க வேண்டியிருக்கும்.

நெதர்லாந்தின் கிரோனிங்கனில் 1990களின் இறுதியில் தொடங்கிய புதுப்பிப்பில் கம்ப்ரசரையும் உலர்த்தும் முறையையும் ஒரே திட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். நிலநடுக்கங்களால் அந்த வயலை மூட நேர்ந்தது வேறு கதை. பொறியியல் முறையில் அவர்கள் செய்தது சரி.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் பொறியாளர்கள் சித்திரை, வைகாசி மாத அளவுகளையும் மறைக்காமல் மேடையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.