செயற்கை மூட்டும் தொடை நோவும்



முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது என்கிறோம். பெரும்பாலும் முறிவது தொடையென்பின் மேற்பகுதியே. அதன் கழுத்து முறிந்து விலகினால், தலைப்பகுதிக்குச் செல்லும் குருதி தடைப்படும். ஆதலால் முதியோரில் அத்தலையை அகற்றி, உலோகத் தலையொன்றைப் பொருத்துவர். அதனைத் தாங்கும் தண்டு தொடையென்பின் உட்குழாயினுள் இறங்கி நிற்கும்.

நோவும் சுகமும் பெரிதும் இத்தண்டின் பிடியைப் பொறுத்தவை. முதுமையில் என்பின் சுவர் மெலிந்து, குழாய் அகன்றுவிடுகிறது. தண்டு தளர்ந்து நின்றால், அடிதோறும் நுண்ணிதாக அசைந்து தொடையில் நோவை விளைவிக்கும். இறுக்கி அடித்து இறக்கினாலோ என்பு பிளக்கக்கூடும்.

இதற்கு ஒரு வழி அக்கிரிலிக் சீமெந்து. ஆங்கிலேய நிபுணர் ஜோன் சாண்லி 1950களின் பிற்பகுதியில் இதனை இடுப்பு மூட்டிற் கையாண்டார். இது பசையன்று, இடைவெளியை நிரப்பும் சாந்து. 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, 60 வயதும் அதற்கு மேலுமான 1,225 நோயாளரை ஆராய்ந்தது. சீமெந்திட்டோரின் வாழ்க்கை நலம் நான்காம் மாதத்தில் மேம்பட்டிருந்தது. பொருத்தியைச் சூழ்ந்த முறிவு, சீமெந்தின்றிப் பொருத்தியோரில் நூற்றுக்கு 2.1ஆகவும், சீமெந்திட்டோரில் 0.5ஆகவும் இருந்தது. எனினும் சீமெந்திடுகையில் சிலருக்குக் குருதியமுக்கம் திடீரெனத் தாழலாம். மயக்கமருந்து வைத்தியரின் விழிப்பு இன்றியமையாதது.

எழுந்து முதலடி வைக்கையில் தொடை நோகிறதென முதியவர் முறையிட்டால், வயதின் குற்றமென்று தள்ளிவிடாதீர்கள். நோவுக்கு அஞ்சிப் படுத்தவரைப் படுக்கைப்புண்ணும் நுரையீரல் அழற்சியும் பற்றிக்கொள்ளும். காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் காட்டி, எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பியுங்கள்.