திரையும் பாங்கோசையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சினிமா, தொலைக்காட்சி, கைப்பேசி விளையாட்டு ஆகியவை குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்துள்ளனர். பிறர் குறையைக் கூறுமுன் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் கல்கத்தாவில் இந்தியாவும் இலங்கையும் மோதிய உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாம், சுவரேறிக் குதித்துத் தேநீர்க் கடையில் நின்று அதனைப் பார்த்தோம். இஷா ஜமாஅத் தவறியது. மறுநாள் உஸ்தாத் நம்மை அழைத்து ஆட்டத்தின் விவரம் கேட்டார்கள். டெண்டுல்கர் 65, அணி 8 விக்கெட்டுக்கு 120 என்று தடையின்றிச் சொன்னோம். பின்னர் அன்றைய சபக்கை ஒப்புவிக்கச் சொன்னார்கள். நாவு எழவில்லை. உஸ்தாத் பிரம்பைத் தொடவில்லை. கிதாபை மூடிவிட்டு எழுந்து சென்றார்கள். அடித்திருந்தால் இந்நேரம் மறந்திருப்போம்.

சென்ற ரமளானின் பிந்திய பத்தில், இஃதிகாஃப் இருந்த இளைஞர் சிலர் பள்ளியின் மேல்தளத்தில் போர்வைக்குள் துப்பாக்கி விளையாட்டில் மூழ்கியிருக்கக் கண்டோம். பாங்கு சொல்லியும் எழவில்லை. ஏன் என வினவியபோது ஒருவர் ஒளிக்காமல் விளக்கினார். நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். நால்வர் ஓர் அணி. வட்டம் சுருங்கச் சுருங்க எஞ்சியவர் மோதுகிறார்கள். முடிய அரைமணி நேரம் ஆகும். "நடுவில் எழுந்தால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள் ஹஜ்ரத்" என்றார். நாம் வாயடைத்துப் போனோம். சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நெடுந்தொடரும் 'தொடரும்' என்று போட்டு நம்மை அன்றைக்கு விட்டுவிடும். இதுவோ, தோழனைக் கைவிடலாகாது என்னும் நற்குணத்தையே கயிறாக்கிப் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது.

அரசு 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தது. 2021இல் அது வேறு பெயரில் வந்து சேர்ந்தது. சட்டம் நம் வீட்டுக் கூடத்தைக் காவல் காக்காது. மேலும், அழும் குழந்தையின் கையில் முதன்முதலில் கைப்பேசியைக் கொடுத்தவர் யார்? மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே தொடர் பார்க்கும் வீட்டிலிருந்து மக்தபுக்குப் பிள்ளை வரவில்லையே என நாம் யாரிடம் முறையிடுவது?

விளையாட்டையே வெறுக்கும் மார்க்கமன்று நம்முடையது. பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடினர். அன்னை ஆயிஷா (ரலி) அதனைக் காண நபி (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் அளித்த இடம் எது? பள்ளியின் பின்புறத்துத் திடலில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வரும் ஷவ்வாலுக்குள் அதனை வெட்டித் தருமாறு முத்தவல்லி அவர்களை வேண்டுகிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பிள்ளைகள் அங்கே ஆடட்டும். முதல் கால்பந்து நம் செலவு. மேல்தளத்து இளைஞர்கள் அணி பிரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர்.