‘பயந்தாங்கொள்ளி’ என்று பேர் வைக்காதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் பேசியது)



கடன், சேமிப்பு, தொழில் பற்றி இங்கே நிறையப் பேர் பேசிட்டாங்க. என்னைப் பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. அங்கன்வாடியில் தினமும் நான் பார்க்கிற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். சின்னப் பிள்ளைங்க புதுசா ஒண்ணைச் செய்யப் பயப்படுறாங்களே, அந்தப் பயம்.

ஜூன் மாசம் எங்க மையத்துக்கு வந்து பாருங்க. ஒரு பிள்ளை வாசல்லயே நின்னுக்கிட்டு அம்மா முந்தானையை விடாது. ஒரு பிள்ளை சறுக்குமரம் பக்கமே போகாது. இன்னொண்ணு களிமண்ணைத் தொடாது. முட்டையைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கிற பிள்ளையும் உண்டு. கொண்டுவந்து விடுகிற அம்மா, “இது சரியான பயந்தாங்கொள்ளி டீச்சர்” என்று சொல்லிட்டுப் போவாங்க. பிள்ளை காதுல விழுற மாதிரியே சொல்லுவாங்க. பிள்ளை அதை நம்பிடும். ‘நான் பயந்தாங்கொள்ளி, என்னால முடியாது’ என்று அதுவே முடிவு கட்டிக்கும். சறுக்குமரத்தில் ஏறாட்டி நஷ்டமில்லை. நாளைக்கு வகுப்பில் கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்காது, மேடை ஏறாது என்றால் அதுதான் நஷ்டம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். பயம் குறை இல்லை, வளர்ச்சியோட கூட வருவது. எட்டு, ஒன்பது மாசத்தில் வேத்து முகம் பார்த்து அழும். அம்மா முகம் எது, அடுத்த ஆள் முகம் எது என்று தெரிய ஆரம்பிச்சதாலதான் அந்த அழுகை. மூணு நாலு வயசில் இருட்டுக்குப் பயப்படும். அது கற்பனை வளர்கிற வயசு. சில பிள்ளைகள் பிறவியிலேயே எதையும் நின்னு பார்த்துத்தான் இறங்கும். அது அந்தப் பிள்ளையோட சுபாவம், நோய் இல்லை.

ஆனா நாமளே உண்டாக்குற பயமும் இருக்கு. சாப்பிடலைன்னா பூச்சாண்டி. தூங்கலைன்னா போலீஸ். சொன்ன பேச்சு கேட்கலைன்னா, “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்.” அந்த நேரத்துக்குக் காரியம் ஆயிடும். அப்புறம்? தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூணுக்கும் சேர்த்துப் போடுகிற தடுப்பூசியை ஒன்றரை வயசு வாக்கில் ஒரு தடவையும், 5 வயசு முடிஞ்சு ஒரு தடவையும் திரும்பப் போடணும். அந்த நாள்ல நர்ஸம்மாவைப் பார்த்ததுமே பிள்ளை அலறும். “இன்னைக்கு வேண்டாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று நாம தூக்கிட்டு வந்துடுவோம். திருவிழாக் கூட்டத்தில் தொலைஞ்சு போன பிள்ளை உதவி கேட்க வேண்டியது போலீஸ்கிட்டதான். போலீஸையே பூதமாக்கி வெச்சிருந்தா அது எங்கே போகும்?

சரி, பயத்தை எப்படிப் போக்குறது? அது உங்களுக்கே தெரியும். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் நம்ம மாநிலத்துக் குழுக்கள் தொடங்கின காலத்திலிருந்து பெண்களுக்குள்ள நடந்தது என்ன? நம்ம குழுவிலேயே பாருங்க. கைநாட்டு வெச்ச அக்கா முதல்ல பேரில் ஒரு எழுத்தை எழுதிப் பழகினாங்க. பிறகு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாங்க. பேங்குக்கு ஊக்குநர்கூடப் போய்ச் சும்மா நின்னாங்க. அடுத்த தடவை செலானைத் தன் கையால் நீட்டினாங்க. இன்னைக்கு மேனேஜர்கிட்ட எதிர்ல உட்கார்ந்து கேள்வி கேட்கிறாங்க. யாராவது முதல் நாளே கழுத்தைப் பிடிச்சு மேனேஜர் அறைக்குள்ள தள்ளியிருந்தா மறுநாள் குழுவுக்கே வந்திருக்க மாட்டாங்க. சின்னச் சின்னப் படி, பக்கத்துல நம்பிக்கையான ஒரு ஆள், சிரிக்காத கூட்டம். பிள்ளைக்கும் வேண்டியது இந்த மூணுதான்.

இதைச் சோதிச்சுப் பார்த்த ஒரு அம்மா இருந்தாங்க. மேரி கவர் ஜோன்ஸ் என்று பேர், அமெரிக்காவில் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணினவங்க. 1924-ல் பீட்டர் என்ற பையனைப் பற்றி எழுதினாங்க. மூணு வயசு நிரம்பாத பிள்ளை. முயலைக் கண்டா நடுங்குவான், பஞ்சைக் கண்டாலும் பயம். அவங்க அவனைத் திட்டலை, முயலைக் கொண்டுபோய் மடியில் போடவும் இல்லை. அவனுக்குப் பிடிச்ச தின்பண்டம் சாப்பிடுற நேரத்தில், முயலைக் கூண்டோட எட்ட வெச்சாங்க. நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்ட நகர்த்தினாங்க. பயமில்லாத மத்தப் பிள்ளைகள் முயலோட விளையாடுறதைப் பார்க்க விட்டாங்க. இடையில் அவன் பயம் திரும்பியும் வந்தது. விடாம மறுபடி தொடர்ந்தாங்க. கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிச்சாலும் கையை இழுக்காம இருந்தான். நூறு வருஷம் ஆகியும் பயத்தைப் போக்க இந்த வழியைத்தான் வளர்த்துப் பயன்படுத்துறாங்க.

நம்ம வீட்டில் எப்படிச் செய்யலாம்?

மையத்துக்கு அனுப்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரெண்டு மூணு தடவை கூட்டிட்டு வாங்க. பத்து நிமிஷம் உட்காரட்டும், அடுத்த நாள் அரை மணி நேரம். விட்டுட்டுப் போகும்போது சொல்லாம நழுவிடாதீங்க. நழுவினா, ‘கண்ணை மூடினா அம்மா காணாமப் போயிடுவா’ என்று பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். “சாப்பிட்டு எழுந்ததும் வந்துடுவேன்” என்று சொல்லுங்க. சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க.

ஊசி போடப் போகும்போது “வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்லாதீங்க. “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், நான் பிடிச்சுக்கிறேன்” என்று சொல்லுங்க. முந்தின நாள் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடுங்க.

புதுக் காய் என்றால் தட்டு ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் வைங்க. நீங்களும் அதையே சாப்பிடுங்க. தொடலைன்னா விட்டுடுங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வைங்க. சில பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்டாத்தான் வாய்க்குப் போகும். வாயைத் திறந்து திணிச்சா அந்தக் காய் ஜென்மத்துக்கும் எதிரி.

சறுக்குமரத்தில் முதல் படியில் நின்னாலே, “படி ஏறிட்டியே!” என்று சொல்லுங்க. அண்ணனோட, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதீங்க. பயப்படுறான் என்று எல்லாத்தையும் நாமளே செஞ்சு கொடுக்கிறதும் கூடாது. “சரி, வேண்டாம் வா” என்று ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வந்தா, பயந்தது சரிதான் என்று பிள்ளை நினைச்சுக்கும். தள்ளவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். பக்கத்துல நில்லுங்க.

இன்னொண்ணு, எல்லாப் பயத்தையும் போக்கக் கூடாது. கிணறு, அடுப்பு, கரண்டு, ரோடு இதுக்கெல்லாம் பயம் வேணும். முன்னெல்லாம் நல்லாப் பழகின ஒரு ஆள்கிட்ட திடீர்னு போக மாட்டேன்னு பிள்ளை அழுதா, “மாமா கூப்பிடுறார், போ” என்று தயவுசெய்து தள்ளாதீங்க. என்ன காரணம் என்று தனியா, பொறுமையா கேளுங்க. தப்பா ஏதாவது தெரிஞ்சா மறைக்காதீங்க, 1098-க்குப் போன் பண்ணுங்க. அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண்.

வீட்டில் நல்லாப் பேசுற பிள்ளை வெளியில் மாசக்கணக்கா ஒரு வார்த்தையும் பேசலை, பயத்தால் தூக்கமும் சாப்பாடும் கெடுது என்றால் அதைச் சுபாவம் என்று விடாதீங்க. வருஷத்துக்கு 2 தடவை நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருது. அன்னைக்குப் பிள்ளையைக் காட்டுங்க.

கடைசியா, நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதணும்: ‘எங்கள் குழுவில் யாரும் எந்தப் பிள்ளையையும் பூச்சாண்டி காட்டி மிரட்ட மாட்டோம், பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட மாட்டோம்.’ எழுதினதை வீட்டு ஆம்பளைங்களுக்கும் மாமியாருக்கும் படிச்சுக் காட்டுங்க. பெத்தவ ஒருத்தி மட்டும் மாறினா போதாது, பிள்ளையைச் சுத்தி இருக்கிற எல்லாரும் மாறணும்.