பேராமையும் முதலையும்

உயிரினங்கள் தம் மகவைப் பேணும் முறை பலவாகும். ரெக்கவக் கடற்கரையில் இரவிலே கரையேறும் பேராமை, மணலைத் தோண்டி ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்கு மீள்கின்றது. தன் குஞ்சுகளை அது காண்பதேயில்லை. குளத்து முதலையோ, 25 அல்லது 30 முட்டைகளை மண்ணிற் புதைத்து, ஏறக்குறைய இரு மாதங்கள் அருகிருந்து காக்கின்றது. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் ஒலி கேட்டதும் மண்ணை அகழ்ந்து, அவற்றைத் தன் வாயிலே ஏந்திச் சென்று நீரிற் சேர்க்கின்றது. எருமையையும் வீழ்த்தவல்ல அப்பற்களிடையே குஞ்சுக்கு ஊறு நேர்வதில்லை.

ஆமை எண்ணிக்கையை நம்புகின்றது. முதலை காவலை நம்புகின்றது. எனினும், இரண்டுக்கும் பொதுவான நியதி ஒன்றுண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பமே தீர்மானிக்கின்றது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகின்றன. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப் பாறைத்தொடரின் வடபகுதிக் கரைகளிற் பிறந்த இளம் பேராமைகளுள் 99 சதவீதத்துக்கு மேற்பட்டவை பெண்களே என்று 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. புவி மேலும் சூடேறுமாயின், ஆண் ஆமைகள் அருகிவிடும்; இனம் பெருகவும் வழியிராது.

தாய் விட்டுச் சென்ற முட்டைகளுக்கு மணலே செவிலி. அம்மணலுக்கு நிழல் தரும் கரையோர மரஞ்செடிகளை வெட்டாது காத்தல் மனிதர் கடனாகும்.